இங்கே யாரும் தூங்குவதில்லை

எங்கள் ஊரில் யாரும் தூங்குவதில்லை. நகர மண்டபத்தில் அடுக்கி வைத்திருக்கும் வீட்டு வரைபடங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பனி தள்ளும் வண்டி ஓட்டும் டூயி லபோன்ட் வீட்டில் இரண்டு நூலகங்கள் இருக்கின்றன. அந்த வீட்டில் நான் பார்த்த ஒரே புத்தகம் டிராக்டரோடு சேர்ந்து வந்தது. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் மிஸ் ஹேஸ்கலுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவர் வீட்டில் உடற்பயிற்சிக் கூடம் உண்டு. அதில் ஒரு கட்டில், இரண்டு தலையணை, முயல் படம் போட்ட போர்வை. மரம் அறுக்கும் பட்டறைக்காரருக்கு மூன்று அலுவலகங்கள். மூன்றிலும் அடுக்குக் கட்டில்.

காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. நகரத்துச் சாக்கடைக் குழாய் எங்கள் மலைக்கு ஏறவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் புல்வெளியில் புதைத்த செப்டிக் தொட்டி ஒன்று உண்டு. அந்தத் தொட்டி எத்தனை பேரைத் தாங்கும் என்பதைச் சுகாதாரக் குழு முடிவுசெய்கிறது. வீட்டில் எத்தனை பேர் என்று அவர்கள் கேட்பதில்லை. எத்தனை படுக்கையறை என்றுதான் கேட்பார்கள். ஒரு படுக்கையறை என்றால் இரண்டு பேர். இரண்டு பேர் என்றால் ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து கேலன். மனிதர்கள் வருவார்கள், போவார்கள், அறை அங்கேயேதான் இருக்கும் என்பது குழுவின் வாதம். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு எதுவும் இல்லை. ஆகவே எங்கள் ஊரில் வீட்டை நீட்டிக் கட்டுகிறவர்கள் படுக்கையறை கட்டுவதில்லை. நூலகம் கட்டுகிறார்கள்.

இது ஊருக்கே தெரியும். குழுவுக்கும் தெரியும். என் அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் என் அப்பா வெண்டல் பிக்கரிங் இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நிறுத்தம் என்றால் நிறுத்துவார். கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல்வார். அவர் வாயில் பொய் வருவதில்லை. நல்ல குணம் என்று சொல்ல முடியாது, கை நடுக்கம் மாதிரி அது ஓர் உடல் உபாதை.

பிப்ரவரியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. விறகு எடுக்கப் போனவள் கொட்டகை வாசலில் விழுந்து கிடந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் பெரும்பாலும் போயிற்று. தெளிவாக வந்த ஒரே சொல் எம்மெட். அது என் அண்ணன் பெயர். அவன் அதற்கு முந்தைய வருடம் இறந்துபோனான், மரம் ஏற்றும் லாரியில், பாலத்துக்குப் பக்கத்தில். அம்மா இப்போது அப்பாவையும் எம்மெட் என்றுதான் கூப்பிடுகிறாள். தாதியையும் அப்படித்தான். என்னையும்.

நகரத்தில் மீட்புச் சிகிச்சை இல்லத்தில் அவளை வைத்திருந்தார்கள். கோடை முடியும்போது அங்கே பொறுப்பாக இருந்த மிஸ் டெலானி எங்களை உட்கார வைத்துச் சொன்னாள்.

"இனி இங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். ஆனா கீழ்த்தளத்துல ஒரு பெட்ரூம் வேணும். கதவு வேணும். ஜன்னல் வேணும். நவம்பர் கடைசியில வர்ற நன்றித் திருநாளுக்குள்ள இல்லேன்னா, தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் மாத்திடுவோம்."

தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாரும் வீட்டுக்குத் திரும்பியதில்லை. போகும்போதும் வரும்போதும் அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பார்.

எங்கள் வீட்டில் கீழே சமையலறை, விறகடுப்பு இருக்கும் கூடம், சரக்கறை. மேலே குளியலறை ஒன்று, மூன்று சிறிய படுக்கையறைகள்: அப்பா அம்மாவுடையது, என்னுடையது, எம்மெட்டுடையது. படிக்கட்டு ஏணி மாதிரிச் செங்குத்தானது. கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை நீட்டினால் போதும், பலகையும் மரமும் டூயி தருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா நகர மண்டபத்துக்குப் போனார். நானும் போனேன். அண்ணன் போனதிலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை. ஊரிலுள்ள மற்றப் பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு வந்து அப்பா என்னை ஏற்றிக்கொள்வார்.

சுகாதார அலுவலர் க்ளிஃபர்ட் நட்டிங் அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். மான் வேட்டைக்கு ஒன்றாகப் போகிறவர். அவர் சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தை வாங்கினார். 'அறையின் பயன்' என்ற இடத்தில் அப்பா பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: என் மனைவி தூங்குவதற்கு.

க்ளிஃபர்ட் சிரிப்பை நிறுத்தினார். எழுந்துபோய், ஆணியில் தொங்கிய துறையின் பச்சை மேல்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"மிஸ்டர் பிக்கரிங்," என்றார்.

"என்ன க்ளிஃப், திடீர்னு மிஸ்டர்?"

"தூங்கறதுக்குன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. வேற எதுக்கு?"

"அதத்தான் கேக்கறேன். வேற எதுக்காவது இருக்கலாமேன்னு." ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "படிக்க. தைக்க. கப்பல் பொம்மை செய்ய. நம்ம ஊர்ல எவ்வளவோ பேர் கப்பல் பொம்மை செய்யறாங்க."

"லூயெல்லாவுக்கு வலது கை வராது க்ளிஃப்."

க்ளிஃபர்ட் கண்ணை மூடித் திறந்தார். "உங்க தொட்டி மூணு பெட்ரூமுக்கு அனுமதிச்சது. இது நாலாவது. எட்டுப் பேர் ஆயிடும்."

"வீட்டுல நானும் மார்னியும்தானே? இவ அம்மா வந்தா மூணு."

"நாங்க ஆள எண்றதில்ல. ரூமத்தான் எண்றோம்."

"எம்மெட் ரூம்ல யாரும் இல்லியே."

"அதுல ரெண்டு பேர்."

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "க்ளிஃப், அவன் சவப்பெட்டிய நீயும்தான் தூக்குன. இடது பக்கம், முன்னால."

"எனக்குத் தெரியும் வெண்டல்," என்று சொல்லிவிட்டு, மேல்சட்டை போட்டிருப்பது நினைவுக்கு வந்தவராய், "துறைக்குத் தெரியாது மிஸ்டர் பிக்கரிங்," என்றார்.

பெரிய தொட்டி வைக்கலாம் என்றார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முழம் தோண்டினால் பாறை. வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து, யானை படுத்த மாதிரி ஒரு மேடு கட்டி, கழிவை அதற்கு ஏற்றி இறக்க வேண்டும். வீட்டை விற்றால் அதைச் செய்யலாம். விற்றபின் தொட்டி நன்றாக இருக்கும், நாங்கள் அங்கே இருக்க மாட்டோம்.

அன்று சாயங்காலம் டூயி லபோன்ட் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, அவித்த பீன்ஸைத் தட்டில் கொட்டிக்கொண்டு, அப்பாவைத் திட்டினார். அவர் மூன்று படுக்கையறை வீட்டில் பேரப்பிள்ளைகளும் நாய்களுமாகப் பதினொரு பேருடன் சட்டப்படி வாழ்கிறவர்.

"அட மரமண்டையே! தூங்கறதுக்குன்னு யாராவது எழுதுவானா? நான் மட்டும் எழுதுனேனா? வாசிப்பு அறைன்னு எழுதுனேன். குழுத் தலைவி, அந்த ஸ்டாக்வெல் பொம்பள, என் கையப் புடிச்சு, 'ஊர்ல படிப்பு வளருது டூயி'ன்னு கண்ணு கலங்குனா."

"அவ தூங்கத்தானே போறா," என்றார் அப்பா.

"தூங்கட்டும்யா! ஒரு புத்தகத்த நெஞ்சு மேல வச்சிட்டுத் தூங்கட்டும். படிச்சுக்கிட்டே கண்ணசந்துட்டான்னு சொல்லிக்கலாம்."

அப்பா பீன்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் போய், பழைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, புதிதாக ஒன்று கொடுத்தார். 'அறையின் பயன்: வாசிப்பு.' எழுதும்போது காது சிவந்துபோயிற்று.

க்ளிஃபர்ட் அதை வாங்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "முன்னாடியே செஞ்சிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்ப எங்களுக்குத் தெரிஞ்சிடுச்சே. தெரிஞ்சத தெரியாததா ஆக்க முடியாது."

"அப்ப எம்மெட் போனதும் தெரியும்னு சொன்னியே?"

"அது எனக்குத் தெரியும். இது துறைக்குத் தெரியும். நீங்கதானே எழுத்துல குடுத்தீங்க."

ஆனாலும் அவர் நல்ல மனிதர். கீழ்க்குரலில் வழி சொன்னார். அறைக்குக் கதவு இருக்கக் கூடாது. வாசல் ஒரு மாட்டுவண்டி நுழையும் அகலத்துக்கு இருக்க வேண்டும். சுவருக்குள் உடுப்பு அலமாரி கூடாது. அப்படியிருந்தால் அது படுக்கையறை ஆகாது. அதில் யார் என்ன செய்தாலும் அது தூக்கம் ஆகாது.

அதை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு சிகிச்சை இல்லத்துக்குப் போனோம். மிஸ் டெலானி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கதவில்லாத ரூமா? அது ரூம் இல்ல, நடைபாதை. இவங்களுக்குத் துணி மாத்தணும், உடம்பு தொடைக்கணும். விறகடுப்புக்கு எதிர்ல வச்சா? எங்களுக்குச் சுகாதார அலுவலர்கிட்டருந்து ஒரு வரி வேணும். 'இது படுக்கையறை'ன்னு."

"அவரு 'இது படுக்கையறை இல்ல'ன்னு எழுதித் தந்தாத்தான் கட்டவே முடியும்."

"அப்ப ரெண்டையும் வாங்கிட்டு வாங்க," என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை. அவளுக்கு இன்னும் ஆறு குடும்பங்கள் வெளியே காத்திருந்தன.

அம்மா சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மெட்... ஜன்னல்," என்று குழறினாள். ஒவ்வொரு ஞாயிறும் கேட்பது. நல்ல வெயில் நாட்களில் அவன் அறை ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். "தெறந்து வச்சிருக்கு லூ," என்றார் அப்பா. அது உண்மை. காலையில் பேருந்தை எடுக்கும் முன் தினமும் திறந்து வைத்துவிட்டுத்தான் போவார்.

வீட்டை நேரில் அளக்க க்ளிஃபர்ட் அக்டோபரில் வந்தார். வண்டியிலிருந்து இறங்கும்போது சாதாரணச் சட்டை. டோனட் சாப்பிட்டார், காப்பி குடித்தார், என் தலையைத் தட்டினார். பிறகு பச்சை மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, சுருட்டிய பாய் ஒன்றை வண்டியிலிருந்து எடுத்துவந்தார்.

"இது என்ன?" என்றார் அப்பா.

"புது விதி. சந்தேகம் வர்ற எடத்துல அலுவலர் படுத்துப் பாக்கணும்."

சரக்கறையில் அலமாரிகளுக்கு நடுவே பாயை விரித்து, கையை நெஞ்சில் கட்டிப் படுத்துக் கண்ணை மூடினார். தக்காளிப் புட்டிகளுக்குக் கீழே அவர் பூட்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து, "முழங்கால மடக்க வேண்டியிருக்கு. படுக்கையறை இல்ல," என்று அறிவித்தார். கூடத்தில் படுத்தார். "அடுப்புச் சூடு. தூக்கம் வருது, ஆனா கதவில்ல." கோழிக்கூண்டில் சூட்டு விளக்கு எரிவதைப் பார்த்து நின்றார். கதவு இருந்தது, ஜன்னல் இருந்தது, தீப்பிடித்தால் ஆள் அதன் வழியே தப்பித்து வெளியேறும் அளவும் இருந்தது.

"க்ளிஃப், அது கோழி."

"கோழி போகும். கூண்டு நிக்கும்," என்று குறித்துக்கொண்டார். அப்பா அவர் கண் முன்னாலேயே கூண்டின் கதவைக் கழற்றினார். அன்று மாலையே நரி வந்து இரண்டு கோழிகளைக் கொண்டுபோயிற்று. ஒரு படுக்கையறை குறைந்தது.

மேலே போனார். என் அறையில் ஒரு நிமிடம் படுத்தார். அப்பா அறையில் ஒரு நிமிடம். பிறகு எம்மெட் அறைக் கதவைத் திறந்தார். ஜன்னல் திறந்திருந்தது; திரைச்சீலை ஆடியது. கட்டிலுக்குக் கீழே அவன் பூட்ஸ். க்ளிஃபர்ட் தரையில் பாயை விரித்துப் படுத்தார். விட்டத்தில் எம்மெட் சிறுவனாக இருந்தபோது ஒட்டிய காகித நட்சத்திரங்கள் இன்னும் இருந்தன. அவர் கண்ணை மூடவில்லை. அவற்றைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அப்பா வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே அடுப்பில் விறகு சரிந்து விழும் சத்தம் கேட்டது. அதுவரை அவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு எழுந்து, பாயைச் சுருட்டி, மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினார்.

"படுக்கையறைதான்," என்றார். "ரெண்டு பேர்."

வேறு வழியில்லாமல் விஷயம் குழுவின் பொதுக் கூட்டத்துக்குப் போயிற்று. நகர மண்டபத்தில், வாரநாள் மாலை, எல்லோரும் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்துக் கொடிக்கு உறுதிமொழி சொன்ன பிறகு, குழு உட்கார்ந்தது. தலைவி பெவர்லி ஸ்டாக்வெல் வீடு விற்றுக் கொடுக்கும் தொழில் செய்கிறவர். அவருக்கு வலப்பக்கம் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ப்ரூயிட். இடப்பக்க நாற்காலி காலி. அந்த உறுப்பினர் கடலோரத்துக்குக் குடிபெயர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் கூட்டம் நடத்தக் குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்பதால் நாற்காலியை வந்தவராகக் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். நாற்காலிக்கு ஒரு பெயர்ப்பலகையும் தண்ணீர்க் கோப்பையும் இருந்தன.

ஸ்டாக்வெல் அம்மாள் பேசினார்.

"இது யாருக்கும் எதிரான விஷயம் இல்ல. நமக்குக் கீழ ஓடற தண்ணிக்காகத்தான் இந்தக் குழு இருக்கு. நாளைக்குப் பொறக்கப் போற குழந்தைங்க குடிக்கிற தண்ணி. நான் போன மாசம் வித்த வீட்ட எடுத்துக்குங்க. அதுல அஞ்சு அலுவலகம் இருக்கு. ஒரு குழந்தைக்காவது அந்தத் தண்ணியால ஆபத்து வந்துதா? வரல. ஏன்னா அது அலுவலகம். வாங்குனவங்களுக்கு ஏழு பசங்க, பாவம், ராத்திரி பூரா அலுவலகத்துலதான் இருக்காங்க. என் வீட்டுலயே தோட்டம் பாக்குற அறை மூணு இருக்கு. விருந்தாளிங்க வந்தா அங்கதான் தோட்டத்தப் பாக்கறாங்க, விடியற வரைக்கும். விதி தெளிவா இருக்கு. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லாதவங்க அதப் பாத்துப் பயப்பட வேண்டியதில்ல. மிஸ்டர் பிக்கரிங் உண்மைய சொல்லிட்டாரு, அத நான் மதிக்கறேன். அதனாலதான் நம்மால அவருக்கு உதவ முடியல."

பின்வரிசையிலிருந்து டூயி கையைத் தூக்கினார். "தலைவிம்மா, ஒரு சந்தேகம். டாக்டர் ப்ரூயிட் தூங்கறாரு."

எல்லோரும் பார்த்தார்கள். டாக்டரின் தாடை நெஞ்சில் இறங்கி, மூக்கிலிருந்து மெல்லிய விசில் வந்துகொண்டிருந்தது.

"இங்க கதவு இருக்கு," என்றார் டூயி. "ஜன்னல் இருக்கு. அந்தக் கோட்டு மாட்டற அலமாரியும் இருக்கு. அப்ப இந்த மண்டபம் பெட்ரூமா? தொட்டி தாங்குமா?"

மண்டபம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. ஸ்டாக்வெல் அம்மாளும் சிரிக்கவில்லை. க்ளிஃபர்டைப் பார்த்தார், க்ளிஃபர்ட் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சில நிமிட ஆலோசனைக்குப் பின், டாக்டர் ப்ரூயிட் சிந்தித்துக்கொண்டிருந்தார் என்ற தீர்மானம் கொண்டுவரப்பட்டது. தலைவி ஆதரித்தார். டாக்டரை எழுப்பினார்கள், அவரும் ஆதரித்தார். நாற்காலி நடுநிலை வகித்தது.

"ஒரு வழி இருக்கு," என்றார் ஸ்டாக்வெல் அம்மாள் அப்பாவைப் பார்த்து, குரலை இனிப்பாக்கிக்கொண்டு. "கீழ ஒரு படுக்கையறை சேக்கலாம். மேல ஒண்ண எடுத்துடணும். கதவு, கீலு, அலமாரி எல்லாத்தையும். வாசல அகலமாக்கணும். இனிமே எக்காலத்துக்கும் அங்க யாரும் தூங்க மாட்டாங்கன்னு வீட்டுப் பத்திரத்துல பதியணும். கணக்கு மூணுலயே நிக்கும். அதான் ஒரு ரூம் காலியா கெடக்குதே. யாருக்கும் நஷ்டமில்ல."

எல்லோருக்கும் எந்த அறை என்று தெரியும். பாதிப் பேர் அவன் இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள்.

அப்பா எழுந்தார். தொப்பியைக் கையில் முறுக்கினார். "அது..." என்றார். "அவ அந்த ஜன்னல..." என்றார். சரி என்று ஒரு சொல் சொன்னால் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்ததும் முதல் நாள் கேட்பாள். அந்த அறை இல்லை என்று அவர்தான் சொல்ல வேண்டியிருக்கும், அதுவும் உண்மையாக.

"மிஸ்டர் பிக்கரிங், ஆமாவா இல்லையா?"

"என்னோடத எடுத்துக்குங்க," என்றேன்.

நான் அதைச் சத்தமாகச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன்.

"யாரு பேசறது? பதிவுக்காகப் பேரும் விலாசமும் சொல்லணும்."

சொன்னேன்.

"கேக்கல. எழுந்து நின்னு சொல்லணும்."

எழுந்து நின்றேன். என் பெயர் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. கடைசியாக அந்த மண்டபத்தில் நான் எழுந்து நின்றது பள்ளி நாடகத்தில், மரமாக. மரத்துக்கு வசனம் இல்லை.

"இன்னும் சத்தமா, செல்லம். நாற்காலிக்கும் கேக்கணும்."

"மார்னி பிக்கரிங்," என்று கத்தினேன். "மில் ரோடு. என் ரூம எடுத்துக்குங்க."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "மார்னி, வேணாம்மா. ஒனக்குக் கதவு..." என்றார். அவருக்குத் தெரியும். கடந்த ஒரு வருடத்தில் ஊரில் எனக்கு மிச்சம் இருந்தது அந்தக் கதவு ஒன்றுதான்.

க்ளிஃபர்ட் எழுந்தார். பச்சை மேல்சட்டையின் பொத்தானைக் கழற்றி, ஒரு கையை வெளியே எடுத்தார். "அப்ப நீ எங்கம்மா தூங்குவே?"

"மிஸ்டர் நட்டிங்," என்றார் ஸ்டாக்வெல் அம்மாள். "அந்தக் கேள்விய இந்தக் குழு கேக்கல. பதிவுலருந்து எடுத்துடுங்க."

க்ளிஃபர்ட் கையை மறுபடி மேல்சட்டைக்குள் நுழைத்துக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது. இந்த முறை நாற்காலியும் ஆதரித்ததாகப் பதிவாகியிருக்கிறது.

நவம்பர் முதல் வாரத்தில் டூயியும் அப்பாவும் கீழறையைக் கட்டி முடித்தார்கள். அதற்கு அடுத்த நாள் என் கதவு இறங்கியது. க்ளிஃபர்ட் விடுமுறை போட்டுவிட்டுச் சாதாரணச் சட்டையில் வந்து உதவினார். கீல்களை மெதுவாகக் கழற்றி என் கையில் கொடுத்தார். டூயி வாசலை அகலமாக வெட்டினார். உடுப்பு அலமாரியை இடித்தபோது அதன் பின்சுவரில், நான் ஆறு வயதில் பென்சிலால் வரைந்த குதிரை ஒன்று வெளியே வந்தது. அதையும் சேர்த்து வாரிக் கொட்டினோம். மத்தியானத்துக்குமேல் க்ளிஃபர்ட் வண்டிக்குப் போய் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, தான் செய்த வேலையைத் தானே பரிசோதித்துச் சரி என்று எழுதினார். என் அறைக்கு 'மேல்மாடித் திறந்த வெளி' என்று பெயர். அங்கே கட்டில் கிடக்கிறது. பத்திரப்படி அதில் யாரும் படுப்பதில்லை.

இரண்டு காகிதங்களும் கிடைத்தன: கீழறை படுக்கையறை என்று ஒன்று, என் அறை படுக்கையறை இல்லை என்று ஒன்று. மிஸ் டெலானி படித்துப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, முயற்சி பண்ணா நடக்குது," என்றாள்.

நன்றித் திருநாளுக்கு முன்னால் அம்மா வீட்டுக்கு வந்தாள். சிகிச்சை இல்லத்து வண்டியிலிருந்து இறக்கும்போது அவள் முதலில் மேலே பார்த்தாள். எம்மெட் அறை ஜன்னல் திறந்திருந்தது. முதல் பனி விழுந்துகொண்டிருந்த குளிரிலும் அப்பா அதைத் திறந்தே வைத்திருந்தார். அவள் ஒரு பாதி சிரித்தாள்.

அவளுடைய புது அறைக்குக் கதவு இருக்கிறது, மூடினால் நன்றாக மூடுகிறது. அப்பா அங்கேயே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, பேருந்து ஓட்டாத நேரமெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். கீழே அவள் கதவு திறந்திருந்தால் நடக்கும் பேச்செல்லாம் மேலே எனக்குக் கேட்கிறது. எனக்கு மூடிக்கொள்ள எதுவும் இல்லை.

நகர மண்டபத்துப் பதிவேட்டின்படி எங்கள் வீட்டில் இப்போது ஆறு பேர் வாழ்கிறோம். கீழறையில் இரண்டு பேர், அப்பா அறையில் இரண்டு பேர், எம்மெட் அறையில் இரண்டு பேர். அந்த ஆறில் நான் இல்லை. தொட்டி எங்கள் ஆறு பேரையும் சிரமமில்லாமல் தாங்குகிறது.

மேல் குளியலறையிலிருந்து இறங்கும் குழாய் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவருக்குள்தான் போகிறது. கட்டும்போது யாரும் அதை யோசிக்கவில்லை. அவள் வந்த மறுநாள் காலை, அப்பா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, நான் மேலே முகம் கழுவத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். சுவருக்குள் தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கியது. கீழே கரண்டி தட்டில் படும் சத்தம் நின்றது.

"எம்மெட்?" என்றாள் அம்மா.

நான் குழாயை மூடிவிட்டு நின்றேன். அப்பா பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். அவர் வாயில் பொய் வராது. இது பொய்யா என்று கணக்குப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்தத் தண்ணீர் எந்த அறைக்கு அனுமதிக்கப்பட்ட தண்ணீர், பதிவேட்டில் யாருடைய பங்கில் போகிறது என்றெல்லாம்.

"ஆமா லூ," என்றார். "அவன்தான்."